மஞ்சள் காதுக்காரனும் மஞ்சள் தொண்டைக்காரனும்

கண்டிக்குப் போகிறவர்கள் தலதா மாளிகையைப் பார்ப்பார்கள், ஏரியை ஒரு சுற்றுச் சுற்றுவார்கள், தேயிலைப் பொட்டலம் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். திருடியது ஒரு குருவியின் படம்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு சிற்றூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ் என்பது பெயர்ப் பலகைக்கு மட்டும்தான். பிழைப்பு மனு எழுதுவதில் நடக்கிறது. பட்டா மாற்றமானாலும் சரி, பக்கத்து வீட்டுக்காரர் சாக்கடையைத் திருப்பிவிட்டாலும் சரி, 'மேற்படி' என்று தொடங்கி 'பணிவுடன் வேண்டுகிறோம்' என்று முடிப்பதற்குள் எதிராளிக்கே கண்ணீர் வரும்படி எழுதுவேன் என்று எனக்கு ஊரில் ஒரு பெயர் உண்டு.

எங்கள் ஊருக்குப் பின்னால் ஒரு பாறைக்குன்று. அதை உடைக்கக் குவாரிக்காரர்கள் குத்தகை கேட்டார்கள். ஊர் கூடி எதிர்த்தது, மனு என் கடைக்கு வந்தது. தூசி, வெடிச் சத்தம், வீட்டுச் சுவரில் விரிசல் என்று வழக்கமாக எழுதுவதையெல்லாம் எழுதிவிட்டு, பிரம்மாஸ்திரமாக ஒன்றைச் சேர்த்தேன். மேற்படி குன்றில் மஞ்சள் தொண்டைச் சின்னான் என்ற அரிய பறவை வாழ்கிறது. அது அருகிக்கொண்டே வருகிறது. தென்னிந்தியப் பாறைக்குன்றுகளை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. எப்போதோ வந்துபோன ஓர் ஆராய்ச்சி மாணவி சொன்ன தகவல் இது. சின்னான் என்றால் சிலர் கொண்டைக்குருவி என்பார்களே, அந்தக் குடும்பம்.

படம் இல்லாத மனுவுக்கு மரியாதை கிடையாது. இணையத்தில் தேடினேன். மஞ்சளும் கறுப்புமாக அட்டகாசமான ஒரு சின்னான் கிடைத்தது. மூலையில் பொடி எழுத்தில் யாரோ பெயர் போட்டிருந்தார்கள். பக்க அமைப்பைக் கெடுத்ததால் அதை வெட்டிவிட்டேன். கலர் பிரிண்ட் எடுத்ததும் மனு கல்யாணப் பத்திரிகை போல ஜொலித்தது.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது. விசாரணை நாளன்று குவாரித் தரப்பு வக்கீல் அதே படத்தை, நான் வெட்டிய மூலையோடு சேர்த்து, அதிகாரியின் மேசையில் வைத்தார். 'மஞ்சள் காதுச் சின்னான், ஹுன்னஸ்கிரிய, இலங்கை' என்று அதில் இருந்தது. இந்தப் பறவை எங்கள் குன்றுக்கு வர விசா வாங்கியதா என்று மனுதாரர் விளக்க வேண்டும் என்றார் வக்கீல். எங்கள் ஊர்க்காரர்கள் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒருவர் "சிலோன்காரன்" என்றார்.

குருவியைத்தான் சொன்னார். ஆனால் எனக்கு இரண்டு காதும் சுட்டன. என் அப்பா கண்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, எழுபதுகளில் 'உங்கள் நாட்டுக்குப் போங்கள்' என்று கப்பல் ஏற்றி அனுப்பப்பட்டவர். பள்ளிக்கூடத்தில் பத்து வருடம் என் பெயரே சிலோன்காரன்தான்.

அதிகாரி கெட்டவர் இல்லை. மூன்று வாரம் தவணை கொடுத்தார். படத்துக்கு உரியவரிடமிருந்து ஒரு கடிதம் வேண்டும். எது எந்தப் பறவை என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒழுங்கான விவரமும் வேண்டும். இரண்டும் வராவிட்டால் பொய்ச் சான்று என்று மனுவைத் தள்ளிவிடுவேன் என்றார். மனு தள்ளுபடியானால் மறுநாளே பாறையில் துளை போடும் இயந்திரம் ஏறும்.

படம் எடுத்தவரைத் தேடிப் பிடித்துச் செய்தி அனுப்பினேன். தோட்டப் பள்ளிக்கூடத்து டீச்சர், பெயர் ரீட்டா. இரண்டு நாள் கழித்து ஒரே வரியில் பதில் வந்தது: 'திருடினவங்க நேர்ல வந்து கேக்கணும்.' கிண்டலாகத்தான் எழுதியிருப்பார் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது அப்படித் தோன்றவில்லை. கண்டியில் எனக்கு ஒரு மச்சான் வேறு இருக்கிறார், அத்தை மகன். இருபது வருடமாகப் போனில் 'வாங்க, வாங்க' என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார். நிஜமாகவே வந்துவிடுவேன் என்று அவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

முதல் நாள் மச்சானைப் பார்த்ததிலேயே போனது. செல்வராஜ் மச்சான் நகரசபையில் கிளார்க். மடிப்புக் கலையாத சட்டை, காதில் செருகிய பேனா. எங்கள் இருவருக்கும் ஒரே தாத்தா, ஒரே மூக்கு. அப்பா கப்பல் ஏறினார், அத்தை ஏறவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அந்த ஐம்பது வருடத்தில் என்னென்னவோ மாறியிருக்கிறது. நான் நாற்காலியில் உட்காருகிறேன், அவர் கதிரையில் உட்காருகிறார். நான் காலையில் இட்லி தேடுகிறேன், அவர் பாண் என்கிற ரொட்டியைப் பிய்த்துப் பருப்பில் தோய்க்கிறார். நான் கோபம் வந்தால் கத்துவேன், அவர் கோபம் வந்தால் கோப்பைத் திறந்து கையெழுத்துப் போடுவார். என் இடுப்புச் சுற்றளவில்தான் இனம் செழித்திருக்கிறது.

இரவுச் சாப்பாடு சிவப்பு இடியாப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும். சம்பலைத் துவையல் என்று நினைத்து ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டுக்கொண்டதில் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. நான் ஊரை நினைத்து உருகுவதாக மச்சானின் மனைவி நினைத்து இன்னும் கொஞ்சம் வைத்தார்.

நான் வந்த காரியத்தைச் சொன்னதும் மச்சான் காதிலிருந்த பேனாவை எடுத்துத் திரும்பச் செருகிக்கொண்டார்.

"குருவி பாக்கவா மச்சான் பிளேன் ஏறி வந்தீங்க? இங்க யானை இருக்குதானே."

பிறகு, ஒரு நகரசபை ஊழியருக்கே வரக்கூடிய யோசனையைச் சொன்னார். கடிதத்தை நாமே டைப் செய்துவிடலாம், டீச்சர் கையெழுத்து மட்டும் போட்டால் போதும், மேலே நல்லதாக ஒரு சீல் குத்திவிட்டால் எந்த அதிகாரியும் படித்துப் பார்க்க மாட்டார். சீல் மேல் எனக்கும் பக்தி உண்டு என்பதால் மறுத்துப் பேசவில்லை.

இரண்டாம் நாள் காலை மகியங்கனைப் பாதையில் போகும் பஸ்ஸில் ஏறினோம். மச்சான் லீவு போட்டுவிட்டு மொழிபெயர்ப்பாளராக உடன் வந்தார். ஓட்டுநருக்கு முன்னால் புத்தர், பிள்ளையார், மாதா மூவரும் வண்ண விளக்குகளுக்கு நடுவில் ஒரே பலகையில் இருந்தார்கள். அந்த வளைவுகளில் அவர் ஓட்டிய வேகத்துக்கு மூவரும் தேவைதான். எனக்குப் பக்கத்தில் மடியில் பலாப்பழத்தோடு ஒரு சிங்களப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். நான் எதற்காக வந்திருக்கிறேன் என்று மச்சானிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு, சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார். தன் பப்பாளி மரத்தில் அந்தக் குருவிகள் நிறைய உண்டு, வேண்டுமானால் எல்லாவற்றையும் இந்தியாவுக்குக் கொண்டுபோகட்டும் என்றாராம்.

வழியில் ஒரு தேநீர்க் கடையில் பஸ் நின்றது. புரட்டாசி மாதம், நான் சுத்த சைவம். முக்கோணமாக ஒரு பன் இருந்தது, உள்ளே உருளைக்கிழங்கு தெரிந்தது. கடித்த பிறகு மீனும் தெரிந்தது. பெருமாள் முதல் அவதாரமே மச்சம்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டிருக்கும்போது, கடைக்குப் பின்னால் ஒரு மரத்தில் மஞ்சளாக ஏதோ அசைந்தது. கேமராவோடு ஓடினேன். அது பழுத்த இலை. திரும்பி வந்து பார்த்தால் பஸ் இல்லை, மச்சான் இல்லை, என் பையும் இல்லை. பிறகு கோவா ஏற்றிக்கொண்டு வந்த ஒரு லொறிக்காரர் இரக்கப்பட்டு ஏற்றிக்கொண்டார். கோவா என்றால் அங்கே முட்டைக்கோஸ். மூட்டைகளுக்கு மேல் இன்னொரு மூட்டையாக ஹுன்னஸ்கிரிய சந்தியில் போய் இறங்கினேன். மச்சான் இரண்டு பைகளோடு, காதில் பேனாவோடு, அரசாங்கக் கட்டடம் போல அசையாமல் நின்றுகொண்டிருந்தார்.

பள்ளிக்கூடம் சந்திக்கு மேலே, தேயிலைக்கு நடுவில். ரீட்டா டீச்சருக்கு முப்பது வயதிருக்கும். தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில் பிறந்து, படித்து, அதே தோட்டத்துப் பிள்ளைகளுக்கே கற்பிக்க வந்தவர். மன்னிப்புக் கேட்பதற்கென்று ஊரிலிருந்தே ஒரு தாள் தயாராக எழுதிக் கொண்டுபோயிருந்தேன். 'மேற்படி புகைப்படத்தைத் தங்கள் அனுமதியின்றி' என்று தொடங்கி ஒரு பக்கம். அவர் எங்களுக்குப் பால் இல்லாத தேநீரும், கடித்துக்கொள்ள ஆளுக்கொரு துண்டு கித்துள் கருப்பட்டியும் கொடுத்துவிட்டு, மேசையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்து, என் மன்னிப்பைத் திருத்த ஆரம்பித்தார். உலகத்துக்கே தேயிலை அனுப்புகிற மலையில் இருப்பவர்கள் வெறும் சாயத்தைக் குடிக்கிறார்களே என்று யோசித்துக்கொண்டிருந்தவன், அந்தப் பேனாவைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஐந்து 'மேற்படி'களைச் சுழித்தார்.

பிறகு, நீங்கள் திருடின குருவியை எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் நாளைக் காலை பார்த்துவிட்டு வந்து பத்து வரி எழுதித் தர வேண்டும், எழுதியது சரியாக இருந்தால் கடிதம் தருவேன் என்றார். மச்சான் தொண்டையைச் செருமி, சீல் பற்றிய தன் யோசனையை எடுத்துவிடப் பார்த்தார். டீச்சர் அவர் பக்கம் திரும்பவேயில்லை.

"போனையும் கேமராவையும் இங்க வச்சிட்டுப் போங்க. படம் புடிக்கிறவங்க பாக்குறதில்ல."

ஃபாதர் மாதத்துக்கொரு தடவை வரும்போது தங்கும் சர்ச் அறையில் எங்களைத் தங்க வைத்தார்கள். வாயில் மீன் வாசனையோடு, நெற்றியில் நாமத்தோடு, சுவரிலிருந்த யேசுநாதருக்குக் கீழே படுத்துத் தூங்கினேன்.

மூன்றாம் நாள் மூடுபனி. காட்டு ஓரத்துக்குப் போகிற பாதையில் என் கை எனக்கே தெரியவில்லை. அட்டை கடிக்காமலிருக்கக் காலில் சவர்க்காரம், அதாவது சோப்பு, தேய்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். மச்சான் தேய்த்துக்கொண்டார். நான் வீரமாகப் போனேன். திரும்பும்போது என் கால்களில் ஒன்பது அட்டைகள் இருந்தன. மச்சானே எண்ணினார், உரக்க, ஆனந்தமாக. குருவி கத்தியது என்னவோ உண்மை. பனிக்குள்ளிருந்து ஓங்கிய விசில் போல ஒரு குரல், ஒரு சிறிய நிழல், ஒரு கிளையின் ஆட்டம். அவ்வளவுதான்.

ஆனாலும் பத்து வரி எழுதினேன். மனு எழுதியே பழகிய கை. கறுப்புத் தலை, வெள்ளைத் தொண்டை, காதருகே மஞ்சள் முடிக்கற்றை, பச்சை முதுகு என்று, வரும் வழியில் விமானத்தில் உருப்போட்டதையெல்லாம் வரிசையாக எழுதிக் கொடுத்தேன். டீச்சர் படித்தார். பத்துக்கு இரண்டு. குரலுக்கு ஒன்று, கிளை ஆடியதற்கு ஒன்று.

"இந்தப் பனியில தொண்ட வெள்ளைன்னு எப்படித் தெரிஞ்சிச்சு?"

கையும் களவுமாகப் பிடிபடுவது அவரிடம் எனக்கு இது இரண்டாவது தடவை.

"படிச்சது எங்ககிட்டயும் இருக்குங்க. பாத்தத எழுதுங்க."

அன்று மாலை, கொழுந்துக் கூடைகளோடு இறங்கி வந்த பெண்கள் எங்களை வழிமறித்து விசாரித்தார்கள். இந்தியாவிலிருந்து வந்த பெரிய மனிதர் பத்துக்கு இரண்டு வாங்கிய செய்தி அதற்குள் எல்லா லயத்துக்கும் போயிருந்தது. பள்ளிப் பிள்ளைகள் பாவம், சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தக் குருவிக்குப் போய்க் காட்டுக்குள் எதற்குப் போனீர்கள் என்று கேட்டார்கள். கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பின்னால் ஒரு கொய்யா மரம் இருக்கிறது, வெயில் வந்தால் காலை எட்டு மணிக்கு அதில் கூட்டமாக வந்து உட்காரும், துரத்தினாலும் போகாது என்றார்கள். உலகில் இந்த மலைநாட்டைத் தவிர வேறெங்கும் இல்லாத பறவை, இவர்களுக்குக் கொய்யாக் கள்ளன்.

நான்காம் நாள் வெயில் வந்தது. காலில் சவர்க்காரம் தேய்த்துக்கொண்டு கொய்யா மரத்தடியில் உட்கார்ந்தேன். எட்டு மணிக்கு வந்தார் மஞ்சள் காதுக்காரர்.

பத்தடி தூரம்தான் இருக்கும். தலை கறுப்பு, எண்ணெய் வைத்துப் படிய வாரியது போல. கண்ணுக்கு முன்னால் ஒரு வெள்ளைப் பொட்டு. மோவாயில் வெள்ளை. கன்னத்துக்குப் பின்னால் மஞ்சள் முடி கொஞ்சம் தூக்கி நின்றது. அதைப் பார்த்துவிட்டுத் திரும்பி மச்சானின் காதில் இருந்த பேனாவைப் பார்த்தேன். சிரிப்பை அடக்கியதில் இருமல் வந்தது. முதுகு பாசிப்பச்சை, வயிறு மங்கிய மஞ்சள். பழத்தைக் கொத்திவிட்டு அலகைக் கிளையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துடைத்துக்கொண்டது. சாப்பிட்ட கையை வேட்டியில் துடைக்கிற என்னைவிட அதற்கு நாகரிகம் உண்டு. இன்னொன்று வந்தபோது தன் கொய்யாவை விட்டுக்கொடுக்காமல் சிறகை விரித்துக் கத்தியது. நான் அங்கே இருப்பதை இரண்டுமே சட்டை செய்யவில்லை.

ஐம்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக ஒரு குருவியை முழுதாகப் பார்க்கிறேன். கடையில் நாளெல்லாம் மற்றவர்கள் பார்த்ததை, பார்க்காததை, பார்த்திருக்க வேண்டியதை எல்லாம் எழுதுகிறவன் நான். என் கண்ணில் நேராகப் பட்ட ஒன்றை எழுதி எத்தனை காலமாயிற்று என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. பதினேழு வரி எழுதினேன்.

டீச்சர் இடைவேளையில் பள்ளிக்கூட வாசலில் நின்றபடியே படித்தார். பத்துக்கு எட்டு. அலகைத் துடைத்ததற்கு மட்டும் இரண்டு மதிப்பெண். குறைத்த இரண்டும், எத்தனை சொல்லியும் ஓரிடத்தில் நுழைந்துவிட்ட 'மேற்படி'க்காக. மச்சான் பெற்றோர் கூட்டத்துக்கு வந்த தகப்பன் போலப் பெருமையோடு நின்றார்.

டீச்சர் ஒரு புதிய தாளை எடுத்து நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரித்தார். மேலே இடது பக்கம் 'மஞ்சள் காதுச் சின்னான்', வலது பக்கம் 'மஞ்சள் தொண்டைச் சின்னான்'. ஓரமாகக் கேள்விகள்: எந்த இடம், என்ன நேரம், என்ன நிறம், என்ன குரல், என்ன செய்துகொண்டிருந்தது. இடது பக்கத்தில் என் பதினேழு வரிகளைச் சுருக்கி என்னையே எழுத வைத்தார். பிறகு தாளை என் பக்கம் தள்ளி, இப்போது உங்கள் குருவியை எழுதுங்கள் என்றார்.

பேனாவை எடுத்தேன். தலையும் தொண்டையும் மஞ்சள் என்று எழுதினேன். முதுகு சாம்பல் கலந்த பச்சை என்று எழுதினேன். கொண்டை இல்லை என்று எழுதினேன். டீச்சர் பார்த்துக்கொண்டே இருந்தார். 'என்ன செய்துகொண்டிருந்தது' என்ற கேள்விக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது.

"இதுவும் படிச்சதுதானே?"

ஆமாம் என்றேன். குன்றின் அடியிலேயே அரை நூற்றாண்டு இருந்திருக்கிறேன், அந்தக் குருவிக்காக ஊரையே கையெழுத்துப் போட வைத்திருக்கிறேன், ஆனால் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் அவருடைய படத்தை எங்கள் பறவை என்று அச்சடித்திருப்பேனா? இதை ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. தோட்டப் பள்ளிக்கூடத்து வாசலில், பிள்ளைகள் சத்தத்துக்கு நடுவில், சொல்லிவிட்டேன். மச்சான் எனக்குப் பரிந்து, மனு என்றால் அப்படித்தான் எழுதுவார்கள், யாரும் பார்த்துவிட்டு எழுதுவதில்லை என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அதனாலேயே எனக்கு இன்னும் மோசமாக இருந்தது.

டீச்சர் திட்டவில்லை. பள்ளிக்கூடத்துக்கு மேலே கையைக் காட்டினார். காட்டின் விளிம்பு ஒரு பக்கம் புதிதாக மழித்த தலை போலத் தெரிந்தது. யாரோ பங்களாக்கள் கட்டப் போகிறார்களாம். இவரும் நாலைந்து இடத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறார். இந்தக் குருவி கொய்யா மரத்திலும்தான் இருக்கிறதே, காடு எதற்கு என்று ஒருவர் பதில் சொன்னாராம். கொய்யா தின்ன வருகிறது, கூடு கட்டக் காட்டுக்குத்தானே போகிறது என்றார் டீச்சர்.

"இவன் இந்த மலைய விட்டா எங்கயும் இல்ல. உங்காளு உங்க பாறைய விட்டா இல்ல. ஒருத்தன் போனா மத்தவன் வந்து நிக்க மாட்டான்."

எனக்கு அப்பா ஞாபகம் வந்தது. இங்கே அவரை இந்தியாக்காரன் என்றார்கள், அங்கே சிலோன்காரன் என்றார்கள். இரண்டு பக்கமும் நாற்காலியில் இருந்தவர்களுக்கு ஆள் எல்லாம் ஒன்றுதான், எடுத்து அங்கே வைக்கலாம், இங்கே வைக்கலாம். வக்கீல் விசா கேட்டபோது எனக்கு ஏன் அவ்வளவு கோபம் வந்தது என்று அந்த வாசலில்தான் விளங்கியது. அத்தனை கோபப்பட்ட நான் செய்ததும் அதுவேதான். மஞ்சளாக இருந்தால் போதும் என்று ஒன்றை எடுத்து இன்னொன்றின் இடத்தில் ஒட்டினேன். டீச்சரிடம் அப்போதுதான் நிஜமாக மன்னிப்புக் கேட்டேன். அதற்குத் தாள் தேவைப்படவில்லை.

கடிதம் கிடைத்தது. படம் தன்னுடையது, பறவை இலங்கை மலைநாட்டுக்கு மட்டுமே உரியது, கேட்காமல் எடுத்தவர் நேரில் வந்து கேட்டார் என்று தெளிவாக நாலு வரி. அதோடு இரண்டு பத்தித் தாளை இணைத்தார். வலது பக்கம் நான் எழுதியதை அடித்துவிட்டு, கீழே இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டார்: 'இந்தப் பக்கத்தை அவர் தன் குன்றில் பார்த்த பிறகே எழுத வேண்டும்.' பார்க்கிற அன்றைக்குத் தனக்குப் போனில் ஒரு அழைப்புக் கொடுக்கும்படியும் சொன்னார்.

ஐந்தாம் நாள் கண்டிக்குத் திரும்பினோம். ஏரிக்கரையில் மச்சான் கொத்து ரொட்டி வாங்கித் தந்தார், காய்கறி போட்டதுதான் என்று கடைக்காரரிடம் மூன்று தடவை உறுதி செய்துகொண்டு. இரண்டு இரும்புத் தகடுகளால் அந்த ரொட்டியைக் கொத்துகிற தாளத்தில் எங்கள் ஊர்த் திருவிழாவையே நடத்தலாம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மச்சான் குரலைத் தாழ்த்தினார்.

"மத்தப் பக்கத்தயும் இங்கயே எழுதிருங்க மச்சான். யாருக்குத் தெரியும்?"

பொய் சொல்வானேன், ஆசை வந்தது. விமான நிலையத்தில் காத்திருந்தபோது தாளை எடுத்து, பேனாவின் மூடியைக்கூடக் கழற்றினேன். நிறம் தெரியும், அளவு தெரியும், குரல் எப்படி என்று புத்தகத்தில் படித்தது தெரியும். ஆனால் 'என்ன செய்துகொண்டிருந்தது' என்ற கேள்வி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குப் பதில் எந்தப் புத்தகத்திலும் கிடையாது. மூடியைப் போட்டுவிட்டேன்.

விசாரணை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கடிதத்தையும் தாளையும் வாங்கிக்கொண்டு, குன்றை நேரில் வந்து பார்க்கிறேன் என்று அதிகாரி சொல்லியிருக்கிறார். இதை எழுதுகிற இன்றுவரை வரவில்லை. குன்றும் அதுவரை அங்கேயே இருக்கிறது. அதிகாரி வருகிற அன்றைக்குக் குருவியும் வர வேண்டுமே என்று ஊர்க்காரர்கள் கவலைப்படுகிறார்கள். அதற்குச் சம்மன் அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டேன்.

நான் சொல்ல வந்தது விசாரணைக்கு முன்னால் நடந்தது. ஊருக்கு வந்த மறுநாள் விடியற்காலை பாறையில் ஏறினேன். ஒன்றும் இல்லை. அடுத்த நாளும் இல்லை, முழங்கால் வலிதான் மிச்சம். என்னைப் பார்த்துக் குவாரிக்காரர்களின் ஆள் ஒருவர், குன்றை அளக்க வந்தவர், புதையலா என்று கேட்டார். மூன்றாம் நாள் ஏழேகால் மணிக்கு, உச்சிக்குக் கொஞ்சம் கீழே, இரண்டு பெரிய பாறைகளுக்கு நடுவில் முளைத்த ஒரு கல்லத்தி மரத்துக்குப் பக்கத்தில் மூச்சு வாங்க உட்கார்ந்தேன். மரத்துக்குள் ஏதோ குமிழ் குமிழாகப் பேசியது.

அசையாமல் இருந்தேன். வெளியே வந்தது. வந்து உட்கார்ந்த இடம், அளக்க வந்தவர்கள் பாறையில் வெள்ளைப் பெயிண்டால் எண் போட்டிருந்த இடம். தலையில் கறுப்பு இல்லை, காதில் பேனா இல்லை, கண்ணுக்கு முன்னால் பொட்டு இல்லை. சாம்பல் உடம்பு, அந்தப் பாறையிலிருந்தே கிள்ளி எடுத்தது போல. தலை மங்கிய மஞ்சள், தொண்டை மட்டும் அப்போது அரைத்த மஞ்சள். பார்க்க எளிமையான ஆள்தான், மற்றவரைப் போல அலங்காரம் கிடையாது. இதை முதலிலேயே பார்த்திருந்தால் அந்தப் படத்தைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

போனை எடுத்தேன். டீச்சரைக் கூப்பிட்டேன், பள்ளி மணி அடிப்பதற்கு முந்திய நேரம், உடனே எடுத்தார். பார்க்கிறதைச் சொல்லுங்கள் என்றார். கிசுகிசுத்தேன். கல்லத்திப் பழத்தை விழுங்கியது என்றேன். வால் நுனி வெளுத்திருக்கிறது என்றேன். எண்ணுக்கு மேலேயே எச்சம் போட்டது என்றேன். பிறகு அது கழுத்தை நீட்டிப் பாட ஆரம்பித்தது. பேச்சை நிறுத்திவிட்டுப் போனை அதன் பக்கமாக நீட்டிப் பிடித்தேன். அது பாடி முடித்துப் பாறைக்கு அந்தப் பக்கம் இறங்கும்வரை கையை மடக்கவில்லை.

போனைக் காதில் வைத்தபோது அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. தொடர்பு போய்விட்டது என்று நினைத்தேன். போகவில்லை, பிள்ளைகளை எல்லாம் பேசாமல் இருக்கச் சொல்லிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"இது எங்க ஆள் இல்ல அண்ணே," என்றார். "உங்க ஆளு. எழுதுங்க."